சமீபத்தில் பார்த்த படங்கள்: நல்ல மனசுக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

சாதாரண ரசிகன் (கோத்தகிரி)

இந்த மழைக்காலம் முழுக்க வீட்டில் உட்கார்ந்து படம் பார்த்தே போனது. தியேட்டரில் பார்க்க வேண்டுமென்றால் எங்களுக்குக் கீழே இறங்கியாக வேண்டும். மண் சரிந்தது, மரம் விழுந்தது என்று ரோட்டை மூடிவிட்டால் அதுவும் நடக்காது. அதனால் எல்லாரும் பார்த்து முடித்த படத்தைக்கூட நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

வரிசையாகப் பார்த்ததில் ஒன்று மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நல்ல மனிதர்களைப் பற்றிய படங்கள் இப்போது நிறைய வருகின்றன. வெட்டுக்குத்து பார்த்துச் சலித்த கண்ணுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் சில படங்கள் முடிந்த பிறகும் கூடவே வருகின்றன, சில படங்கள் மறுநாள் காலையிலேயே மறந்துவிடுகின்றன. ஏன் என்று யோசித்தேன். படத்தில் ஒருவர் இன்னொருவருக்கு நல்லது செய்கிறார் என்றால், அதற்காக யாராவது எதையாவது கையிலிருந்து விட வேண்டும். அப்படி விடுவதைப் படம் காட்ட வேண்டும். அது இல்லாத நல்லதனம் என்னிடம் ஒட்டவில்லை.

மெய்யழகன் ஒட்டியது. சொத்துத் தகராறில் 1996ல் தஞ்சாவூர் வீட்டை விட்டுப் போன அருள்மொழி, தங்கை முறைப் பெண்ணின் கல்யாணத்துக்காக ஊருக்கு வருகிறார். கடைசி பஸ்ஸைப் பிடித்து ஓடிவிடத்தான் பார்க்கிறார். அங்கே ஒருவர் 'அத்தான்' என்று கூப்பிட்டு விழுந்து விழுந்து கவனிக்கிறார், அவர் பெயரோ இவருக்கு ஞாபகம் வரவே இல்லை. கார்த்தியின் நல்ல மனசை எல்லாரும் பாராட்டினார்கள், சரி. என்னைப் பிடித்தது அருள்மொழியாக வரும் அரவிந்த் சாமியின் முகம்தான். யாரென்றே தெரியாதவரிடம் இவ்வளவு அன்பை வாங்கிக்கொண்டோமே என்ற கூச்சத்தில், விடிவதற்குள் சொல்லாமல் கிளம்பிவிடுகிறார் பாருங்கள். அன்பை வாங்கிக்கொள்வதும் சுலபமில்லை என்று அந்த இடம் சொல்கிறது. வெளியான பிறகு நீளம் என்று 18 நிமிடத்தை வெட்டினார்கள். எனக்கு நீளமாகவே படவில்லை. ராத்திரி பேச்சு அப்படித்தான் நீளும்.

டூரிஸ்ட் ஃபேமிலி பிடித்தது. இலங்கையில் பிழைக்க முடியாமல் படகேறி வரும் குடும்பம், சென்னையில் ஒரு காலனியில் யாரென்று காட்டிக்கொள்ளாமல் வாழப் பார்க்கிறது. பேசினால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் சிம்ரன் கண்ணில் கடைசிவரை இருக்கிறது. அங்கே ஒரு வயதான அம்மா இறந்ததும், பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத காலனியைச் சசிகுமார் ஒன்று சேர்க்கும் இடத்தில் எங்கள் வீட்டில் எல்லாரும் அழுதோம்.

மஞ்சும்மல் பாய்ஸ் மறுபடியும் பார்த்தேன். லப்பர் பந்து ரொம்பப் பிடித்தது. மகாராஜா பிடிக்கவில்லை. மீதியை அப்புறம் எழுதுகிறேன். நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்.

லயத்துப் பேத்தி (கூடலூர்)

அண்ணா, மெய்யழகன் பற்றி எழுதியது அத்தனையும் சரி. டூரிஸ்ட் ஃபேமிலியில் மட்டும் உங்களோடு நான் வர மாட்டேன்.

அந்தப் படத்தை என் பாட்டியோடு உட்கார்ந்து பார்த்தேன். பாட்டி கண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். 1948ல் அங்கே குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து தோட்டத்து ஜனங்களை நாடற்றவர்களாக்கிய கதை எல்லாருக்கும் தெரியும். அதன் பிறகு 1964ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில், 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று பேசி முடித்தார்கள். எங்கே இருக்க ஆசை என்று தோட்டத்தில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. பாட்டி தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு இந்த மலைக்கு வந்தார். இங்கே அரசாங்கம் 1968ல் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்ததே இவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். அதுதான் இன்றைக்கு டான்டீ என்கிற அரசுத் தேயிலைக் கழகம்.

படத்துக் குடும்பம் திருட்டுத்தனமாக வருகிறது. என் பாட்டி கையில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு, சட்டப்படி வந்தவர். வந்து இத்தனை வருஷம் ஆகியும் கடைவீதியில் 'சிலோன்காரங்க' என்றுதான் பேர்.

வெளியில் போனால் வாயைத் திறக்காதே, கேட்டால் கேரளா என்று சொல் என்று படத்தில் சொல்லிக்கொடுப்பார்களே, அந்த இடத்தில் மற்றவர்கள் சிரித்தோம். பாட்டி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றுவிட்டது. விரலில் சுண்ணாம்பு காய்கிற வரைக்கும் அந்த வெற்றிலையை மடிக்கவே இல்லை. அப்புறம், "நாங்களும் பஸ்ஸுல பேச மாட்டோம்" என்று மட்டும் சொன்னார்.

என் கோபம் இதுதான். அந்தக் குடும்பம் எவ்வளவு நல்ல குடும்பம்! அப்பா எல்லாருக்கும் உதவுகிறார், பையன் புத்திசாலி, யாரும் யாரையும் ஒரு கடும் சொல் சொல்வதில்லை. அதனால் காலனி கதவைத் திறக்கிறது. சசிகுமாரின் தர்மதாஸ் கொஞ்சம் முன்கோபியாக, கைமாற்று வாங்கித் திருப்பித் தர முடியாதவராக, எதிர்வீட்டோடு தண்ணீர்க் குழாயில் சண்டை போடுபவராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வந்தவர்கள் தங்கமாக இருந்தால்தான் இடம் என்றால் அதற்குப் பெயர் அன்பா? நீங்கள் சொன்ன கணக்குப்படியே பாருங்கள். விலை முழுக்க வந்தவர்களே கொடுக்கிறார்கள். காலனி என்ன கொடுத்தது?

சிம்ஸ்பார்க் (குன்னூர்)

அக்கா, பாட்டி சொன்னதைப் படித்துவிட்டு கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. ஆனாலும் படத்துக்காகப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

இயக்குநர் அபிஷன் ஜீவிந்துக்கு அது முதல் படம். இலங்கைத் தமிழர் என்றாலே போர், முகாம், அழுகை என்றுதான் நம் சினிமா காட்டிக்கொண்டிருந்தது. அவர்களும் சிரிப்பார்கள், கல்யாண வீட்டில் ஆடுவார்கள், பையன் அப்பாவைக் கிண்டல் செய்வான் என்று காட்டியதே பெரிய விஷயம். மூத்த மகனுக்கு அப்பா மேல் கோபம் இருக்கிறதே, அதை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. ஊரை விட்டு வந்ததில் அவன் எதை விட்டு வந்தான் என்று வெடிக்கிறான் இல்லையா, அந்தக் கட்டத்தில் குடும்பம் ஒன்றும் தங்கமாக இல்லை.

காலனி என்ன கொடுத்தது என்று கேட்டீர்கள். போலீஸ் வந்து நிற்கும்போது அந்த ஜனங்கள் இவர்களை மறைக்கிறார்கள். அது சின்ன விஷயமா? கேஸாகிவிட்டால் அவர்களும்தான் அலைய வேண்டும்.

மகாராஜா பிடிக்கவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே அண்ணா! விஜய் சேதுபதிக்கு 50வது படம், இயக்குநர் நித்திலன் கதையை முன்னும் பின்னும் கலைத்துப் போட்டுக் கடைசியில் கோத்தவிதம் வருஷத்தின் சிறந்த திரைக்கதை என்பேன். குப்பைத்தொட்டியைக் காணோம் என்று ஒருவர் போலீஸ் ஸ்டேஷனில் வந்து நிற்பதில் தொடங்கி எங்கே கொண்டுபோய் விடுகிறது!

வெலிங்டன் அம்மா (குன்னூர்)

சிம்ஸ்பார்க் தம்பி, அந்தத் திரைக்கதையின் கெட்டிக்காரத்தனம்தான் எனக்குப் பிரச்சினை. ஒரு சிறு பெண்ணுக்கு நடந்த கொடுமையைக் கடைசிவரை மறைத்து வைத்து, சரியான நேரத்தில் திறந்து காட்டி நம்மைத் திடுக்கிட வைக்கிறார்கள். முடிச்சு அவிழ்ந்ததும் தியேட்டரில் கைதட்டினார்கள் என்று என் தம்பி சொன்னான். எதற்குக் கைதட்டு? அந்தப் பெண் எப்படி எழுந்து நிற்கிறாள், எதை நினைத்துத் தூங்குகிறாள் என்பதற்குப் படத்தில் இடம் மிகக் குறைவு. கடைசிப் பக்கத்தில் அவள் குற்றவாளி முன்னால் நின்று பேசுவதை நல்ல காட்சி என்று ஒத்துக்கொள்கிறேன். அந்தத் தைரியம் படம் முழுக்கப் பரவியிருக்க வேண்டும். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அவர்களோடு உட்கார்ந்து இதைப் பார்க்க முடியாமல் டிவியை அணைத்தேன்.

நான் எழுத வந்தது மேஜர் முகுந்த் வரதராஜன் கதையான அமரன் பற்றி. நாங்கள் இருப்பது மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டருக்குப் பக்கத்தில். காலையில் பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சும்போதே பரேடு சத்தம் கேட்கும். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தவர். மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரலில் சோபியானில் இறந்தபோது எங்கள் குவார்ட்டர்ஸில் ஒவ்வொரு வீட்டிலும் அதே பேச்சுதான்.

படத்தில் சண்டை வரும் இடங்களை நான் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. முகுந்தின் மனைவி இந்துவாக வரும் சாய் பல்லவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் வர வேண்டிய நேரத்தில் வராமல் போனால் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சமையல் நடக்கும், துணி மடிப்பு நடக்கும், பிள்ளைக்குத் தலை வாருவதும் நடக்கும். காது மட்டும் போன் இருக்கும் பக்கமே இருக்கும். அந்தப் பெண் அதைச் செய்திருக்கிறார். அசோக சக்ரா வாங்கும்போது அழாமல் நிற்கிறாரே, அப்போது என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார்.

ரசிகன் அண்ணா சொன்ன 'விலை' இந்தப் படத்தில் வீட்டில் இருப்பவர் கொடுக்கும் விலை. சினிமா எப்போதும் எல்லையில் நிற்பவரைத்தான் காட்டும். இந்தப் படம் பாதியையாவது இந்துவுக்குக் கொடுத்தது.

சாதாரண ரசிகன் (கோத்தகிரி)

அம்மா, எங்கள் ஊர்ப் பெண் என்பதற்காகச் சொல்லவில்லை, சாய் பல்லவி இல்லாமல் அந்தப் படத்தை யோசிக்க முடியவில்லை. கோத்தகிரியில் அவர் பேர் சொன்னால் எல்லாருக்கும் ஒரு பெருமைதான், அவருடைய படகர் இனத்து வீடுகளில் கேட்கவே வேண்டாம். மலையாளப் பெண்ணாக அவர் பேசியதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

பேத்தி, நீ எழுதியதற்குப் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சும்மா ஒரு சமாதானம் சொல்லி நகர மனசு வரவில்லை.

பூம்பாறைப் பூண்டு (கொடைக்கானல்)

நான் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறேன். மஞ்சும்மல் பாய்ஸ் பற்றி வெளியூர்க்காரர்கள் எழுதியதெல்லாம் படித்தாயிற்று. எங்கள் பக்கத்திலிருந்து யாரும் எழுதவில்லை என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படத்தில் நண்பர்களில் ஒருவன் பள்ளத்தில் விழுகிறானே, அந்த இடம் தூண் பாறைக்கும் மோயர் பாயிண்ட்டுக்கும் நடுவில் இருக்கிறது. சோலை மரத்து வேர்கள் தரைக்கு மேலே பின்னிக் கிடக்கும். எல்லாரும் போட்டோ எடுப்பது அங்கேதான். பள்ளம் அதைத் தாண்டி உள்ளே இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் அதைப் பிசாசின் சமையலறை என்றுதான் சொன்னார்கள். கமலின் குணா படம் 1991ல் வந்த பிறகு பெயரே குணா குகை என்று மாறிவிட்டது. பாறை இடுக்கு எங்கே எவ்வளவு ஆழம் என்று மேலே நிற்பவருக்குத் தெரியாது. பாசி பிடித்த பாறை, அதன் மேல் இலைச் சருகு. கால் வைத்தால் போச்சு.

2006ல் நடந்தது நிஜம். உள்ளே விழுந்தவரைக் கூட வந்த நண்பரே கயிறு கட்டி இறங்கித் தூக்கி வந்தார். அவருக்குப் பிறகு ஜீவன் ரக்ஷா பதக்கமும் கொடுத்தார்கள். படத்தில் அந்த நண்பராக வரும் சௌபின் இறங்கும்போது தெரியும் பாறை செட் என்று கேள்விப்பட்டு நான் அசந்து போனேன். ஈரம், பாறையில் வழியும் தண்ணீர், அந்த இருட்டு எல்லாம் நான் பார்த்த இடம் மாதிரியே இருக்கிறது.

எனக்கு மறக்காத இடம் ஒன்று உண்டு. மழை பிடித்துக்கொள்கிறது, தண்ணீர் பள்ளத்துக்குள் ஓடுகிறது, நண்பர்கள் சேற்றில் குறுக்கே படுத்து உடம்பால் அதைத் தடுக்கிறார்கள். உள்ளே இருப்பவன் உயிரோடு இருக்கிறானா என்றே அவர்களுக்குத் தெரியாது. ஆரம்பத்தில் வடம் இழுக்கும் போட்டியைக் காட்டியது எதற்கென்று கடைசியில்தான் புரிகிறது. எங்கள் மலையில் மழை வந்தால் தண்ணீர் எந்த வேகத்தில் வரும் என்று தெரிந்தவனுக்கு அந்தக் காட்சி வேறு மாதிரி இருக்கும். ரசிகன் அண்ணா சொன்ன விலை இதுதான் என்றால் நான் கை தூக்குகிறேன்.

வருத்தமும் இருக்கிறது. உதவிக்கு வரும் உள்ளூர்க்காரர்களைப் படத்தில் காட்டியிருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் படம் முடிந்து வெளியே வருபவர் மனதில் நிற்பது அடிக்கும் போலீஸும், "அதில் விழுந்தவன் வந்ததே இல்லை" என்று கைவிரிக்கும் ஊரும்தான். இங்கே ஒரு வண்டி பள்ளத்தில் விழுந்தால் முதலில் இறங்குபவன் பக்கத்துத் தோட்டத்துக்காரன். கயிறு அவன் வீட்டிலிருந்துதான் வரும். அவன் பேர் பேப்பரிலும் வராது, படத்திலும் வராது.

அப்புறம் படம் ஓடிய நாட்களில் நடந்ததையும் சொல்ல வேண்டும். வண்டியில் ஏறியவர் எல்லாரும் ஏரி வேண்டாம், பிரையண்ட் பார்க் வேண்டாம், நேராகக் குணா குகைக்கு விடு என்றார்கள். எங்களுக்கு வருமானம், மறுக்கவில்லை. ஆனால் கம்பி வேலியைத் தாண்டி உள்ளே இறங்கிய பையன்களும் இருந்தார்கள், வனத்துறை பிடித்துக் கேஸ் போட்டது. ஒருவன் விழுந்ததால் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு அதே இடத்தில் இறங்குகிறான் என்றால், அந்தப் படத்தில் அவன் என்ன பார்த்தான் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

கேத்தி பாலாடா (கேத்தி)

பூம்பாறைத் தம்பி, கயிறு பற்றி நீங்கள் எழுதியது நூற்றுக்கு நூறு உண்மை.

நான் புதுப்படம் அதிகம் பார்ப்பதில்லை. போன வாரம் மூன்றாம் பிறையைப் பேரன் போட்டுவிட்டான். 1982ல் ஊட்டியில் பார்த்தது, அதன் பிறகு முழுதாக இப்போதுதான் பார்க்கிறேன். கதை நடப்பது எங்கள் கேத்தியில். கடைசிக் காட்சி எங்கள் ஸ்டேஷனில்தான் எடுத்தார்கள்.

கமலுக்கும், ஒளிப்பதிவுக்காகப் பாலு மகேந்திராவுக்கும் தேசிய விருது கிடைத்தது. பாலு மகேந்திரா மலையைக் காட்டிய விதத்தை யாராவது பேச வேண்டும். அந்தக் காலத்தில் ஊட்டி என்றால் பூங்காவில் பாட்டு, படகு இல்லத்தில் பாட்டு, முடிந்தது. இவர் பள்ளி வாத்தியார் குடியிருக்கும் சின்ன வீட்டைக் காட்டினார். மதியத்திலேயே வெளிச்சம் குறைந்துவிடும் வீடு. அந்தச் சாம்பல் வெளிச்சத்தில் வளர்ந்தவன் நான். படம் பார்க்கும்போது அந்தக் குளிர் கையில் ஏறியது கண்ணு.

நீங்கள் எல்லாரும் பேசும் விலைக் கணக்கில் இந்தப் படத்தை எங்கே வைப்பீர்கள்? நினைவு தப்பிக் குழந்தை மாதிரி ஆன அந்தப் பெண்ணுக்காக வாத்தியார் சீனு எல்லாவற்றையும் கொடுத்தான். அவளுக்கு நினைவு திரும்பியது, அவளுக்கு நல்லதே நடந்தது. ரயில் கிளம்பும் நேரத்தில் தலையில் பானையை வைத்துக்கொண்டு குரங்காட்டம் ஆடிக் காட்டுகிறான். யாரோ பைத்தியம் என்று நினைத்து அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். செய்த நல்லதற்கு ஒரு சாட்சிகூட மிஞ்சவில்லை. வாலிபத்தில் பார்த்தபோது ஸ்ரீதேவி மேல் எனக்குக் கோபம் வந்தது. இப்போது கோபம் இல்லை. நாம் யாருக்காவது செய்ததை அவர்கள் ஞாபகம் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு சட்டமா இருக்கிறது?

சிம்ஸ்பார்க் (குன்னூர்)

ஐயா, மெய்யழகனுக்கு நேர் எதிர்ப்பக்கம் இது. அங்கே செய்தவன் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கிறான், வாங்கியவன் மறந்துவிட்டுத் தவிக்கிறான். இங்கே மறந்தவளுக்குத் தவிப்புகூட இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

வெலிங்டன் அம்மா, மகாராஜா பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க என்னிடம் வாதம் இல்லை. திரைக்கதை எனக்கு இன்னும் பிடிக்கும். ஆனால் அந்தக் கைதட்டு பற்றிய கேள்வி நியாயமானது.

சாதாரண ரசிகன் (கோத்தகிரி)

லப்பர் பந்து பற்றி எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். கெத்து என்கிற அந்த மனுஷன் எங்கள் ஊர் மைதானத்திலும் இருக்கிறார். நாற்பது தாண்டியும் ஞாயிற்றுக்கிழமை மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். தினேஷ் அந்த வீம்பை அப்படியே கொண்டுவந்தார். தன் பலவீனத்தைக் கண்டுபிடித்த பையனே தன் மகளைக் காதலிக்கிறான் என்றால் அவருக்கு எப்படி இருக்கும்! அன்பு என்கிற அந்தப் பையன் நன்றாக ஆடியும் சாதியைப் பார்த்து டீமில் சேர்க்காமல் வைத்திருப்பதை, இயக்குநர் தமிழரசன் பச்சமுத்து மேடை போட்டுப் பேசாமல் ஆட்டத்துக்குள்ளேயே வைத்துக் காட்டியது பெரிய வேலை. விஜயகாந்த் பாட்டு வரும் இடங்களில் எங்கள் வீட்டில் எழுந்து ஆடினோம். சுவாசிகாவின் யசோதாவுக்காகவே இன்னொரு முறை பார்க்கலாம். கணவன் கொடுத்த வாக்கை மீறியதும் பேசிக்கொண்டே இருக்காமல் வீட்டை விட்டுப் போகிறார்.

சரி, இப்போது பேத்திக்கு.

நீ கேட்ட கேள்வி சரியான கேள்வி. காலனி ஒன்றுமே கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது, சிம்ஸ்பார்க் சொன்ன மாதிரி கடைசியில் அவர்கள் நிற்கிறார்கள். ஆனால் நிற்பதற்கு முன்னால் அந்தக் குடும்பம் அத்தனை வீட்டுக்கும் நல்லது செய்து முடித்திருக்க வேண்டியிருக்கிறது. இதை நீ சொன்ன பிறகு, எங்கள் கடைத்தெருவில் அந்த ஜனங்களைப் பற்றிச் சின்ன வயதில் கேட்ட பேச்செல்லாம் ஞாபகம் வருகிறது. "நல்ல உழைப்பாளிங்க" என்று சொல்வார்கள். பாராட்டு மாதிரி இருக்கும். உழைக்காமல் ஒருநாள் உட்கார்ந்தால் அதே வாய் என்ன சொல்லும் என்றும் தெரியும்.

அந்தப் படம் எனக்கு இன்னும் பிடிக்கும். மரண வீட்டுக் காட்சியில் நான் அழுதது பொய்யில்லை. நீ ஒன்று செய், வாழை பார்த்தாயா? அதைப் பற்றி உன்னிடம்தான் கேட்க வேண்டும்.

லயத்துப் பேத்தி (கூடலூர்)

பார்த்தேன் அண்ணா. அம்மாவோடு பார்த்தேன், பாட்டிக்குப் போட்டுக் காட்டவில்லை.

மாரி செல்வராஜ் தன் சின்ன வயதில் நடந்ததைத்தான் எடுத்திருக்கிறார். புளியங்குளத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் இல்லாத நாளில் வாழைத்தார் சுமக்கப் போகிறார்கள். சேற்றில் கால் புதைய, தலையில் தார், கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். நாங்கள் சுமப்பது தேயிலைக் கொழுந்து. ஈரக் கொழுந்து மூட்டையைச் சரிவில் தூக்கிக்கொண்டு எடை போடும் இடத்துக்கு ஏறிப் பாருங்கள், இரண்டும் ஒன்றுதான். மழை நாளில் தண்ணீருக்கென்று எடையில் கழிப்பார்கள், சுமப்பவர் கழுத்துக்கு அந்தக் கழிவு கிடையாது. அம்மா படம் முழுக்கத் தன் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கே அது தெரியவில்லை.

அந்த லாரி. தார் ஏற்றிய வண்டி மேலேயே ஆட்களையும் ஏற்றி அனுப்புகிறார்கள், தனி வண்டி கொடுத்தால் காசு. அது கவிழ்கிறது. அன்றைக்குப் பையன் பள்ளிக்கூடத்தில் ஆட்டம் பழகப் போனதால் தப்பிக்கிறான், அவன் அக்கா போய்ச் சேர்கிறாள். ஊரே பிணத்தைச் சுற்றி அழும்போது அவன் பசி தாங்காமல் வீட்டுக்குள் போய்ச் சோற்றை அள்ளி வைக்கிறான். அம்மா அதைப் பார்த்துவிட்டு அடிக்கிறாள். அந்த அடியை நான் கெட்ட அடி என்று சொல்ல மாட்டேன்.

அண்ணா, உங்கள் கணக்கு மெய்யழகனுக்குச் சரி, மஞ்சும்மலுக்குச் சரி. மனுஷன் விரும்பிக் கொடுக்கும் விலை அது. வாழையில் யாரும் விரும்பிக் கொடுக்கவில்லை, பிடுங்கிக்கொள்கிறார்கள். அந்தப் படத்தில் நல்லவர்கள் இல்லையா? பூங்கொடி டீச்சர் இருக்கிறார், அந்தப் பையன் உலகத்திலேயே அவர் முகம்தான் வெளிச்சம். கூலி கேட்டு நிற்கும் கனியும் இருக்கிறான். நல்லவர்களாக இருந்தும் ஒன்றும் நடக்கவில்லை. அதனால்தான் எனக்கு அந்தப் படம் டூரிஸ்ட் ஃபேமிலியைவிட உண்மையாக இருக்கிறது.

பூம்பாறைப் பூண்டு (கொடைக்கானல்)

பேத்தி சொன்ன லாரியை நான் தினமும் பார்க்கிறேன். பூண்டு, கேரட் மூட்டைக்கு மேலே ஆள். கொண்டை ஊசி வளைவில் அவர்கள் கயிற்றைப் பிடித்துச் சாய்வதைப் பின்னால் வரும் வண்டியிலிருந்து பார்த்தால் வயிறு கலங்கும். வாழை பார்த்த பிறகு அந்த மாதிரி வண்டியை நான் ஓவர்டேக் செய்வதில்லை, ஹாரனும் அடிப்பதில்லை. பின்னாலேயே போகிறேன்.

கேத்தி பாலாடா (கேத்தி)

கூடலூர்ப் பொண்ணு, உன் பக்கத்துத் தெப்பக்காட்டில் எடுத்த யானைப் படத்தை யாரும் சொல்லவே இல்லையே. தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ், 2023ல் ஆஸ்கர் வாங்கியது. கார்த்திகி கொன்சால்வெஸ் நம் ஊட்டியில் வளர்ந்த பெண். முக்கால் மணி நேரம்கூட வராது. ரகு என்கிற யானைக் குட்டியை வேறு ஆளிடம் ஒப்படைக்கச் சொல்லிவிடுகிறார்கள். அதை வளர்த்த பெள்ளி அழும்போது அடுத்த குட்டி வந்து பக்கத்தில் நிற்கிறது. மகளைப் பறிகொடுத்தவர் அவர். வளர்த்ததைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதற்கு அந்தக் காட்சியைவிட வேறு என்ன வேண்டும்?

லயத்துப் பேத்தி (கூடலூர்)

ஐயா, பார்த்திருக்கிறேன். பெள்ளியம்மா குட்டிக்குக் கவளம் உருட்டி ஊட்டிக்கொண்டே பேசுவாரே, எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிடித்தது அதுதான். பாட்டிக்கும் போட்டுக் காட்டினேன். அதை மட்டும் மறுபடியும் போடச் சொல்லிப் பார்த்தார்.

வெலிங்டன் அம்மா (குன்னூர்)

பேத்தி, என் பெரிய பெண்ணுக்குப் பதினாறு வயது. அவளுக்கு வாழை போட்டுக் காட்டலாமா? லாரி விபத்தை எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும்.

லயத்துப் பேத்தி (கூடலூர்)

தாராளமாகக் காட்டலாம் அக்கா. விபத்தைக் கண்ணில் குத்துகிற மாதிரி எடுக்கவில்லை, ஊர் அழுவதில்தான் கனம். முதல் பாதி முழுக்கச் சிரிக்கலாம், அந்த இரண்டு பையன்களும் ரஜினியா கமலா என்று சண்டை போடுவதைப் பார்த்து உங்கள் பெண்ணும் சிரிப்பாள். ஆனால் நீங்கள் கூடவே உட்கார்ந்து பாருங்கள்.

சாதாரண ரசிகன் (கோத்தகிரி)

விரும்பிக் கொடுப்பதும் பிடுங்கப்படுவதும் வேறு என்று பேத்தி பிரித்துச் சொன்னது எனக்குத் தோன்றாமல் இருந்த விஷயம். அப்படிப் பார்த்தால் அமரனில் இந்து கொடுத்தது எந்தப் பக்கம்? வெலிங்டன் அம்மாதான் சொல்ல வேண்டும்.

டூரிஸ்ட் ஃபேமிலியை மட்டும் நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. அடுத்த முறை அதைப் பார்க்கும்போது காலனிக்காரர்களை மட்டும் கவனித்துப் பார்க்கப் போகிறேன். அவர்களில் யார், எந்த இடத்தில், அந்தக் குடும்பம் தனக்கு எதுவும் செய்வதற்கு முன்பே கதவைத் திறந்தார் என்று. ஒருவராவது இருந்தால் இங்கே வந்து எழுதுகிறேன், பேத்தியோடு மறுபடியும் சண்டை போட.

வெலிங்டன் அம்மா (குன்னூர்)

இரண்டு பக்கமும்தான் தம்பி. கல்யாணம் கட்டும்போது விரும்பித்தான் கட்டினோம். எந்தப் போஸ்டிங், எத்தனை வருஷம் என்று எங்களிடம் யாரும் கேட்டதில்லை.